மூன்றாவது பானை

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அம்பேத்கர், இன்னொன்று ஜெகஜீவன்ராம். ஜோலார்பேட்டைப் பக்கத்துச் சேரி எங்களுடையது. தாத்தா ரயில்வேயில் கேங்மேன். 1956 டிசம்பரிலிருந்து 1962 வரை ஜெகஜீவன்ராம் ரயில்வே மந்திரியாக இருந்தார். 'நம்மள மாதிரி ஒருத்தன் ரயிலுக்கே மந்திரி' என்று சொல்லிச் சொல்லித் தாத்தா வாங்கி வந்த படமாம் அது. அம்பேத்கர் படம் அதற்கப்புறம்தான் வந்தது. ஆயாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. 'சகசீவராமு' என்பாள். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது இரண்டு படத்தையும் ஒரே துணியால் துடைத்து, ஒரே அளவு சந்தனப் பொட்டு வைத்து மாட்டுவாள். அவளுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

2009இல் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது நான் ஜெகஜீவன்ராம் படத்தைக் கழற்றினேன்.

காரணங்கள் இருந்தன. அம்பேத்கரைப் படிக்க ஆரம்பித்திருந்த நேரம். பாபாசாகேபுக்கு மாற்றாகக் காங்கிரஸ் நிறுத்திய முகம் ஜெகஜீவன்ராம் என்பது எனக்குப் புரிந்திருந்தது. அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் வகித்த அதே தொழிலாளர் துறை, 1946 இடைக்கால அரசில் இவருக்குப் போனது. அம்பேத்கரின் கட்சி தேர்தலில் ஓரங்கட்டப்பட்ட இடத்தில் 'அரிசனங்களின்' பிரதிநிதியாக இவர் உட்கார்ந்தார். இவரைப் போன்றவர்களை வைத்துத்தான் கான்ஷிராம் 1982இல் 'சம்சா யுகம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். எடுபிடிகளின் காலம். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

ஆனால் நைனா வந்து, 'ஏம்மா, அந்தப் படம் எங்க?' என்று கேட்டபோது என் வாயில் வந்தது இது எதுவுமே இல்லை. 'பத்து வருசம் இன்கம்டாக்ஸ் கட்ட மறந்துட்டேன்னு சொன்ன ஆளு நைனா அவரு. நாட்ட ஆளத் தகுதியில்லாத ஆளு' என்றேன்.

அது என் வாக்கியமில்லை. எங்களுக்கு வகுப்பெடுத்த ஒருவர் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நைனா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'அவனுங்க சொன்னத நீ எதுக்கும்மா சொல்ற? உனுக்குன்னு ஒன்னு இருந்தா அத்த சொல்லு' என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருசத்துக்கு மேலே கிளார்க் வேலை பார்த்தவர் அவர். பதவி உயர்வு வந்த ஒவ்வொரு தடவையும் 'கோட்டா' என்ற வார்த்தையை முதுகுக்குப் பின்னால் கேட்டவர். அதை அவர் எங்களிடம் சொன்னதேயில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. இதற்குள் எத்தனையோ தலைவர்களைப் பற்றி 'இவருக்கு ஆளத் தகுதி உண்டா' என்று டீக்கடையிலும் அரங்கக் கூட்டத்திலும் பேசியாகிவிட்டது. நைனா கேட்டது அப்படியே கிடக்கிறது. ஒரு தலித் தலைவரை நிராகரிக்க நமக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், ஊர்க்காரன் அவரை நிராகரிப்பதும் நாம் நிராகரிப்பதும் எங்கே பிரிகின்றன?

இளைய தோழர்கள் பலருக்கு ஜெகஜீவன்ராம் என்பது பொதுஅறிவுக் கேள்வித்தாளில் வருகிற பேர். அதனால் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பீகாரில் ஆரா பக்கத்தில் சந்த்வா என்ற ஊரில் 1908இல் பிறந்தவர். சமார் சாதி, தோல் வேலை செய்கிறவர்களின் சாதி. ஆரா நகரப் பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானை உண்டு. இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. இந்தப் பையன் இந்துப் பானையில் மொண்டு குடித்துவிட்டான். புகார் போனது. பள்ளிக்கூடம் கண்டுபிடித்த தீர்வு, தீண்டப்படாதவனுக்கென்று மூன்றாவதாக ஒரு பானை. அதை இவன் உடைத்தான். மறுபடி வைத்தார்கள். மறுபடி உடைத்தான். கடைசியில் மூன்றாவது பானையே வேண்டாம் என்று தலைமையாசிரியர் விட்டுவிட்டார். அப்புறம் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே முடி வெட்ட நாவிதர் வரமாட்டார், விடுதியில் சாப்பாட்டுக்கும் தகராறு. அந்த ஊரை விட்டுக் கல்கத்தா போய் 1931இல் பி.எஸ்ஸி. முடித்தார்.

இந்தியாவில் இவரளவு நீண்ட காலம் மத்திய மந்திரியாக இருந்தவர்கள் குறைவு. தொழிலாளர் துறை, ரயில்வே, உணவு, விவசாயம், ராணுவம். பீகார் பஞ்சத்தை ஒட்டி 1967இல் உணவுத்துறை இவர் கைக்கு வந்தது. பசுமைப் புரட்சி என்கிறார்களே, அது வேர்விட்ட ஆண்டுகளில் அந்தத் துறையின் மந்திரி இவர். 1971 டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது ராணுவ மந்திரி இவர். அந்த வெற்றிக்கு இந்திரா துர்க்கையானார். ராணுவ மந்திரி எந்தச் சாமியும் ஆகவில்லை.

1977 பிப்ரவரி 2ஆம் தேதி காங்கிரஸிலிருந்து வெளியே வந்தார். நான்கு நாள் கழித்து டில்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெருங்கூட்டம். கூட்டம் சேரக்கூடாது என்று தூர்தர்ஷனில் அன்றைக்கு 'பாபி' படத்தைப் போட்டார்கள். ஜனங்கள் படத்தை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள். பாபு பாபியை ஜெயித்தார் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. பொதுஜன அபிப்பிராயம் என்ற ஒன்று இருக்குமானால் அன்று அது அந்த மைதானத்தில் இருந்தது.

தேர்தல் முடிந்தது. காங்கிரஸ் தோற்றது. இவருடைய கட்சி 28 இடங்களில் வென்றது. பிரதமர் யார்? ஜெயப்பிரகாஷ் நாராயணும் கிருபளானியும் எம்.பி.க்களைக் கலந்து முடிவு சொல்வதென்று ஏற்பாடு. சரண்சிங் மருத்துவமனையில் படுத்தபடியே மொரார்ஜிக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்தார். மொரார்ஜி பிரதமரானார். பதவியேற்பு விழாவுக்கு ஜெகஜீவன்ராம் போகவில்லை. அப்புறம் சமாதானமாகி ராணுவ மந்திரியாகச் சேர்ந்தார்.

அவருக்கெதிராக அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம் அவசரநிலை. 1975 ஜூலை 21இல் அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஜெகஜீவன்ராம்தான். இது பொய்யில்லை, அவதூறுமில்லை. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த கை பிரதமர் நாற்காலியைத் தொடக்கூடாது என்று ஒருவர் சொன்னால் நான் அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1979 ஜூலையில் ஜனதா உடைந்தது. மொரார்ஜி பிரதமர் பதவியை விட்டார், கட்சித் தலைமையை உடனே விடவில்லை. அதை விட்டிருந்தால் அடுத்து நிற்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். சரண்சிங்கை ஆட்சியமைக்கக் கூப்பிட்ட பிறகுதான் மொரார்ஜி ஒதுங்கினார், ஜெகஜீவன்ராம் ஜனதா நாடாளுமன்றக் கட்சித் தலைவரானார். ஆகவே எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார். ஜூலை 28இல் பிரதமராகப் பதவியேற்றார் சரண்சிங். யாருடைய ஆதரவில்? இந்திராவின் ஆதரவில்.

நான் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அவசரநிலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் ஆளத் தகுதியற்றவன். சரி. அவசரநிலையையே கொண்டுவந்த அம்மாவின் தோளில் ஏறி நாற்காலிக்குப் போகிறவன்? அவனுக்குத் தகுதி எங்கிருந்து வந்தது? இரண்டு வருசத்தில் அவசரநிலை மறந்துபோயிற்றா? மறக்கவில்லை. ஜெகஜீவன்ராம் விஷயத்தில் மட்டும் அது நினைவில் இருந்தது.

ஆகஸ்ட் 20இல் இந்திரா ஆதரவை விலக்கினார். நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் சரண்சிங் ராஜினாமா செய்தார். சபையில் அப்போதும் பெரிய கட்சி ஜனதாதான். எதிர்க்கட்சித் தலைவர் தன்னைக் கூப்பிடும்படி கேட்டார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி கூப்பிடவில்லை. ஒருமுறைகூட நம்பிக்கை வாக்கு வாங்காத சரண்சிங் அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்று ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்தார். 1980 ஜனவரி 14 வரை சரண்சிங்கே காபந்துப் பிரதமர்.

இந்த நாட்டில் ஒரு சமார் பிரதமராக முடியாது என்று ஜெகஜீவன்ராம் கசந்து சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எப்போது, யாரிடம் என்பதில் ஆளுக்கொரு கதை. சொல்லாமலே இருந்திருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

பிறகு 1980 தேர்தல் வந்தது. ஜனதா கட்சி அவரைப் பிரதமர் வேட்பாளராக நிறுத்தியது. இங்கே தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். கட்சி ஜனதாவோடு கூட்டு. 'சகசீவராமு வருவாருன்னு உங்க தாத்தா ரெட்டெலை கூட்டணிக்குப் போட்டாரு' என்று ஆயா சொல்லியிருக்கிறாள். வரவில்லை. இந்திரா காங்கிரஸுக்கு 353, ஜனதாவுக்கு 31. வேலை செய்கிற அரசாங்கம் வேண்டும் என்று இந்திரா கேட்டார். வெங்காய விலை ஏறிக் கிடந்தது. ஜனதாக்காரர்கள் இரண்டரை வருசம் போட்ட சண்டையைப் பார்த்து ஜனங்கள் சலித்திருந்தார்கள். எனவே இந்தத் தோல்வி முழுவதையும் சாதி என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. வாக்குச்சீட்டில் சாதி எத்தனை பங்கு, வெங்காயம் எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்தக் குழப்பத்தில்தான் சாதி பத்திரமாக ஒளிந்துகொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒளியாமல் நின்ற சாதி வேறு இடத்தில் இருக்கிறது. 1978 ஜனவரி. அதே காசி. முடி வெட்ட ஆளில்லை என்று இவர் விட்டுப்போன ஊர். சம்பூர்ணானந்தின் சிலையைத் திறக்க அங்கிருக்கிற சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்தியாவின் ராணுவ மந்திரி. திறந்துவிட்டு வந்தார். அவர் தொட்ட சிலையை மாணவர்கள் கங்கை நீர் ஊற்றி, மந்திரம் சொல்லிக் கழுவினார்கள். கழுவியவர்களுக்கு அவருடைய வருமான வரிக் கணக்கில் அக்கறை இருந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. அவசரநிலைக்காகக் கழுவவில்லை. முப்படைகளை நிர்வகிக்கிறவனுக்கு ஒரு கல்லைத் தொடத் தகுதியில்லை என்றார்கள்.

தகுதி என்ற சொல்லே அந்த மூன்றாவது பானை மாதிரிதான் எனக்குப் படுகிறது. தண்ணீர் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. உனக்கும் தண்ணீர் உண்டு, தனியாக. உனக்கும் மந்திரி பதவி உண்டு, துறை உண்டு, கொடி வைத்த கார் உண்டு. நாற்காலி என்று வரும்போது மட்டும் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும். மேலே இருப்பவனுக்குத் தகுதி பிறப்போடு வந்துவிடுகிறது. அவன் செய்கிற தப்பு அவனுடைய தப்பாகவே இருக்கும், அவன் சாதியின் தகுதிக்குறைவாக ஆகாது. நம் ஆள் செய்கிற தப்போ அவன் பிறக்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டதற்குச் சாட்சியாகிவிடும். 1978இல் ஜெகஜீவன்ராம் மகனின் அந்தரங்கத்தை ஒரு பத்திரிகை படம் போட்டுக் கடைபரப்பியது. மகன் செய்தது அப்பனின் ஆளும் தகுதியை எப்படி அளக்கும்? அளந்தார்கள்.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. அங்கே அதற்குப் பேர் நிர்வாகத் திறன். அரசியல் சட்டத்தின் 335ஆவது பிரிவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கையை நிர்வாகத் திறனுக்கு இசைவாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. ஜெகஜீவன்ராம் ரயில்வே மந்திரியாக இருந்த காலத்தில்தான் ரயில்வே வாரியம் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு என்று சுற்றறிக்கை அனுப்பியது. தென்னக ரயில்வே ஊழியர் ஒருவர் வழக்குப் போட்டார். ரங்காச்சாரி வழக்கு என்று சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். சென்னை உயர்நீதிமன்றம் சுற்றறிக்கை செல்லாது என்றது. 1961இல் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லும் என்றது. நமக்குச் சாதகமான தீர்ப்புத்தான். ஆனால் அதிலும் பாருங்கள், இதனால் திறன் கொஞ்சம் குறையலாம் என்பதை ஒரு பேச்சுக்காவது ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நீதிபதிகள் மேலே போகிறார்கள். நம்மவர் வந்தால் திறன் ஏன் குறைய வேண்டும், கூடக்கூடாதா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. 1992 மண்டல் தீர்ப்பு இதையும் தள்ளிப் பதவி உயர்வு ஒதுக்கீடு கூடாது என்றது. 1995இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் மீட்க வேண்டியிருந்தது. நைனாவின் கடைசிப் பதவி உயர்வு அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது.

சரி, இந்தப் பொதுஜனம் யார்? 1996இல் பி.என். உனியால் என்ற டில்லிப் பத்திரிகையாளர், அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களில் ஒரு தலித்தைத் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று 'பயனியர்' இதழில் எழுதினார். 1996இலேயே இந்தக் கதி என்றால் 1979இல் யோசித்துப் பாருங்கள். 'நாடு இவரை ஏற்காது', 'மக்கள் இவரை விரும்பவில்லை' என்றெல்லாம் எழுதிய கைகளில் சேரிக் கை ஒன்றுகூட இருந்திருக்காது. எங்கள் ஆயாவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. ஊரில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பொதுக்கருத்து, சேரியில் நானூறு பேர் பேசுவது சாதிக்கருத்து.

பொதுக்கருத்துக்குத் தலித் தலைவர்களிலேயே பிடித்த ஒரு வகை உண்டு. கக்கனைப் பாருங்கள். பத்து வருசம் தமிழ்நாட்டில் மந்திரி. பொதுப்பணி, விவசாயம், உள்துறை எல்லாம் பார்த்தவர். அவரைப் பற்றி நமக்குச் சொல்லித்தரப்படுவது ஒன்றே ஒன்று, எளிமை. கடைசியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொதுவார்டில் கிடந்தார் என்று கண்ணில் நீர் வைத்து மேடையில் பேசுவார்கள். அவர் உள்துறையை எப்படி நடத்தினார், என்ன முடிவெடுத்தார், எங்கே தவறினார் என்று ஒருவரும் பேசமாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள். நிர்வாகி என்ற கணக்கிலேயே வைக்காததால் திட்ட வேண்டிய தேவையில்லை. ஏழையாகச் செத்தால் உத்தமர், வசதியாக இருந்தால் ஊழல்வாதி. ஜெகஜீவன்ராம் கக்கனைப் போல வாழவில்லை. 2010இல் மாயாவதி கழுத்தில் ரூபாய் நோட்டு மாலை விழுந்தபோது நாடே கூச்சல் போட்டதே. அந்த மாலை எனக்கும் உறுத்தியது. ஆனால் கிரீடம், வெள்ளிச் செங்கோல், வீரவாள் என்று மற்ற கட்சிக்காரர்கள் மேடைதோறும் வாங்கிக் குவித்தபோது வராத உறுத்தல் அது என்பதையும் கவனித்தேன்.

மாயாவதி என்றதும் நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் எம்.ஏ. படிக்கும்போது ஒரு கூட்டம். நம் தோழர்கள்தான், எல்லோரும் ஆண்கள், நான் ஒருத்தி. நான்கு முறை உத்தரப் பிரதேச முதல்வராக இருந்தவரைப் பற்றிப் பேச்சு வந்தது. 'அந்தம்மாவுக்கு ஹேண்ட்பேக் தூக்கத்தான் தெரியும்' என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அம்பேத்கரை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பார்ப்பனக் கட்சிகளோடு அவர் சேர்ந்ததைப் பேசியிருக்கலாம், 2007இல் கட்டிய சாதிக் கூட்டணியைப் பேசியிருக்கலாம், பூங்காவுக்குச் செலவழித்ததைப் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். பையைப் பேசினார்கள். எனக்கு அந்த வகுப்பறைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அங்கே சிரித்தவள் நான். இங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

அப்படியென்றால் தலித் தலைவர் எவரையும் விமர்சிக்கக்கூடாதா, விமர்சித்தால் ஊரோடு சேர்ந்துகொண்டதாக அர்த்தமா? இந்த வாதத்தை வைத்துத்தான் நம்மிடையே பல பேர் பிழைக்கிறார்கள். தலைவர் மீது ஒரு கேள்வி வந்தால் உடனே, 'சாதிப் புத்தியில பேசுறான்' என்பது. நான் இதற்கும் உடன்பட முடியாது. நம்மைக் கேள்வியில்லாமல் பின்னால் வரச்சொல்பவனும் நம்மை மந்தை என்றுதான் நினைக்கிறான்.

எனக்கு வழி தெரிந்தது நைனாவின் வார்த்தையிலிருந்துதான். 'உனுக்குன்னு ஒன்னு இருந்தா அத்த சொல்லு.' எனக்கென்று இருந்தது என்ன என்று திரும்பிப் பார்த்தேன். அவசரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனதாக்காரர்கள் கேட்டது, எங்களைச் சிறையில் அடைத்தாயே என்பது. நியாயமான கேள்வி, ஆனால் அது அவர்களுடைய கேள்வி. சேரியிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. வட இந்தியாவில் கருத்தடை முகாம்களுக்கு இழுத்துப் போனார்களே, கோட்டா நிரப்ப, அந்தக் கோட்டாவில் இழுபட்டவர்கள் யார்? ஏழைகள், முஸ்லிம்கள், நம் சனங்கள். அப்போது நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்?

இன்னொன்று. 1977 மே மாதம், ஜனதா ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம். பீகாரில் பெல்ச்சியில் பதினொரு பேரைக் கொன்றார்கள். அதில் எட்டுப் பேர் தலித்துகள். ஜெகஜீவன்ராமின் சொந்த மாநிலம். உள்துறை மந்திரி சரண்சிங், அது சாதிக்கொலையில்லை, கும்பல் சண்டை என்கிற தொனியில் பேசினார். வெள்ளத்தில் யானை ஏறிப் போய் அந்தச் சனங்களைப் பார்த்தது, தோற்றுப்போன இந்திரா. ஜெகஜீவன்ராம் மந்திரிசபையில் இருந்தார். 1978 ஜூலையில் எங்கள் பக்கம் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டபோதும் இருந்தார். பிப்ரவரி 1977இல் முப்பது வருசக் காங்கிரஸை ஒரே நாளில் விட்டு வெளியே வரத் தெரிந்த மனிதருக்கு, பெல்ச்சிக்காக ஒரு நாள் வெளியே வரத் தோன்றவில்லை.

இதுதான் என் குற்றச்சாட்டு. வருமான வரி இல்லை. அவர் ஆளத் தகுதியற்றவர் என்று இதைக்கொண்டு நான் சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மற்றவர்களில் பெல்ச்சிக்காகவோ கீழ்வெண்மணிக்காகவோ வெளியே வந்தவர் யார் என்று உடனே அடுத்த கேள்வி வருகிறது. ஒருவருமில்லை. என் அளவுகோலை வைத்தால் 1947இலிருந்து ஒரு பிரதமரும் தேறமாட்டார். அவர்கள் அளவுகோலை வைத்தால் ஜெகஜீவன்ராம் ஒருவர்தான் தேறமாட்டார். ஊர் நிராகரிப்பதும் நாம் நிராகரிப்பதும் பிரிகிற இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. தோழர்கள் வேறு மாதிரி நினைக்கலாம், எழுதுங்கள்.

பொதுஜனம் அம்பேத்கரையே 1952இல் பம்பாயிலும் 1954இல் பண்டாராவிலும் தோற்கடித்தது. அதனால் அவருடைய தகுதியில் ஒரு குன்றிமணி குறைந்ததா? தேர்தல் முடிவைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நாமாவது விடலாம். யார் ஆளவேண்டும் என்பதை ஓட்டு சொல்லும். யாருக்கு ஆளத் தெரியும் என்பது வேறு சங்கதி, அதை ஓட்டு சொல்லாது. 2023 டிசம்பரில் எதிர்க்கட்சிக் கூட்டணிக் கூட்டத்தில் கார்கேவைப் பிரதமர் முகமாக அறிவிக்கலாமென்று சிலர் சொன்னார்கள். முதலில் ஜெயிப்போம் என்று அவரே தள்ளிவைத்தார். மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர், 'நல்ல மனுசன்தான், ஆனா...' என்று இழுத்தார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நைனாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. இந்தக் கட்டுரைக்காக 1979 கதையைத் தேதி தேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்ச்சியைச் சொன்னபோது தலையை ஆட்டினார். 'இத்த அன்னிக்கே சொல்லியிருந்தன்னா நானே கழட்டியிருப்பேன்' என்றார். ஆகஸ்ட் 22க்கு வந்தபோது நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

'அவருக்கு மெஜாரிட்டி இருந்துச்சா இல்லியா?'

'தெரியாது நைனா. எண்ணவேயில்லியே.'

'எண்ணியிருந்தா?'

'தோத்தும் போயிருக்கலாம்.'

'தோத்துட்டுப் போறாரு' என்றார் நைனா. 'சபையில நிக்கவெச்சி, எண்ணி, தோக்கடிச்சிருக்கணும்.'

படம் அம்மாவின் ட்ரங்க் பெட்டியில் கிடக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் விட்டிருக்கிறது. மாட்டட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் மாட்டச் சொல்லவில்லை. அந்த ஆணியில் இப்போது மளிகைக்கடைக் காலண்டர் தொங்குகிறது. சிலிண்டர் வந்த தேதியை அம்மா அதில்தான் எழுதிவைப்பாள்.